மூன்றாம் மாடிச் செருப்புகள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ, அம்மா, மொட்டைமாடிக்கு வரும் அந்த ஒற்றைக்கண் பூனை எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். நான் ஒரு தும்மல் போட்டால் போதும், "சளியா? காய்ச்சலா? குழந்தைக்கு ஒட்டிக்கிச்சா?" என்று மூன்று நாள் தூங்கமாட்டாள். அதனால்தான் மெயில். நம் வீட்டில் அம்மாவுக்குத் திறக்கத் தெரியாத பெட்டி இது ஒன்றுதான்.

வாண்டு இப்போதுதான் தூங்கினாள். இவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. யாரோ ஒரு ஆபீஸில் லிப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் ஓடவைக்கிற மனுஷன் குடியிருக்கிற கட்டடத்தில் லிப்ட் கிடையாது. மூன்று மாடியும் நடைதான். படிக்கட்டு விளக்கு ஆள் அசைந்தால் எரியும், நின்றால் அணைந்துவிடும். ஒரு கையில் பை, இன்னொரு கையில் வாண்டு. மூச்சு வாங்க நின்றால் இருட்டு. கைதான் காலி இல்லையே, தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டுகிறேன். பார்க்கிறவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

சமையலறை கூரையில் புகைக்கு அலறும் மணி ஒன்று இருக்கிறது. கடுகு வெடித்தால் அதுவும் வெடிக்கிறது. நான் தாளிக்கும்போதெல்லாம் இவர் ஸ்டூலில் ஏறித் துண்டால் விசிற வேண்டும். "தாளிக்கப் போறேன், ஏறுங்க" என்றால் ஏறிவிடுவார். பழகிவிட்டார்.

நான்தான் பழகவில்லை. சிரிக்காமல் கேள். வாண்டு எங்களைத் தவிர யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. பூங்காவில் மற்றக் குழந்தைகள் வந்தால் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். மூன்று வயது முடிந்துவிட்டது. விளையாட்டுப் பள்ளி டீச்சர், "போகப்போகச் சரியாயிடும்" என்கிறார். எதை நோக்கிப் போகப்போக?

போதாக்குறைக்கு, நாம் இரண்டு பேரும் அரை நாள் அலைந்து வாங்கினோமே, அந்தப் பழுப்புச் செருப்பு, அது வாசலில் விட்ட இடத்தில் காணோம்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நானும் வாண்டும் ஊருக்கு வருகிறோம் என்று இவருக்குத் தெரியும். திரும்பி வருவதாக இல்லை என்பது தெரியாது. நீ வாங்கிக்கொடுத்த நீலப் பெட்டியை நான் இன்னும் பிரிக்கவே இல்லை அக்கா. வேண்டியதை எடுப்பேன், துவைத்து மடித்து மறுபடி அதிலேயே வைப்பேன். அலமாரியில் என் தட்டு காலியாக இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் டிக்கெட் போட வேண்டும். "போக மட்டுமா, போய் வரவா?" என்று கேட்டால் என்ன சொல்வேனோ, தெரியவில்லை.

மாடி அறையைக் காலி செய்து வைப்பாயா? அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன்,
சின்னவள்


மார்ச் 11

அடியே சின்னவளே,

படித்தேன். முதலில் செருப்பு. கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் என்ன சொல்வோம்? பீடை போச்சு என்போம். உன் பீடை விமானம் ஏறி அவ்வளவு தூரம் வந்து போயிருக்கிறது, சந்தோஷப்படு.

இங்கே ஒன்றும் குறைவில்லை. லேபில் காலை ஏழு மணிக்கே கூட்டம். நேற்று ஒரு போலீஸ்காரர் வந்தார், மீசையே கிலோ கணக்கில் இருக்கும். ஊசியைப் பார்த்ததும், "சிஸ்டர், இன்னொரு நாள் வரட்டா?" என்றார். உட்காரவைத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் கதை சொல்லி ரத்தம் எடுத்தேன். செப்டம்பரில் எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை. படிக்கலாம் என்று உட்கார்ந்தால் அம்மாவின் சீரியலில் யாராவது யாருக்காவது விஷம் வைக்கிறார்கள். நான் ரத்த அணுக்களைப் படிப்பதா, விஷம் குடித்தவள் பிழைத்தாளா என்று பார்ப்பதா?

மாடி அறையில் உடைந்த கட்டில், உன் காலேஜ் சைக்கிள், அம்மா யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன் தானும் தொடமாட்டேன் என்று வைத்திருக்கும் பாத்திரங்கள். காலி செய்கிறேன். உன் வீடு இது, எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஒன்று. அறை என் பாடு. மாப்பிள்ளையிடம் சொல்வது உன் பாடு. அந்தப் பையன் ஸ்டூலில் ஏறித் துண்டு வீசிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் கீழே இருந்து ஸ்டூலை உருவுவது நியாயமா? நீ வந்து இறங்கும்போது அவனிடம் சொல்லிவிட்டு வந்தவளாக இறங்கு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

வாண்டுக்கு என் முத்தம். பேசாத பிள்ளை ஒருநாள் பேச ஆரம்பித்தால் உன்னை மாதிரி ஆகிவிடும். அப்போது காதில் பஞ்சு வை.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

இன்னும் சொல்லவில்லை. திட்டாதே. சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அவர் ஏதாவது நல்ல காரியம் செய்துவிடுகிறார். போன வாரம் பழைய லிப்டிலிருந்து கழற்றிப் போட்ட பட்டன் தகடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, கழுவித் துடைத்து, வாண்டின் உயரத்துக்குக் கதவுப் பக்கத்தில் மாட்டிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் லிப்ட் இருக்கிறது. "எந்த மாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் யாரையும் கூடத்துக்குள் விடுகிறாள். நான் தினமும் சமையலறைக்கு ஐந்தாம் மாடி வழியாகப் போகிறேன்.

செருப்புக் கதை முற்றிவிட்டது. என்னுடையது போன மறுவாரம் இவருடைய கான்வாஸ் ஷூ போனது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வாடிக்கை என்றே சொல்லலாம். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் எங்கள் வாசலில் யாருடையதோ சின்னச் சிவப்பு பூட்ஸ். இன்னொரு நாள் குதிகால் உயர்ந்த பெண்கள் ஷூ. அப்புறம் யாரோ பெரிய மனிதருடையது, இரண்டு காலையும் ஒன்றில் விட்டுக்கொள்ளலாம் போன்ற அளவு. தூக்கிப்போடப் பயம், உள்ளே எடுக்க அதைவிடப் பயம். துடைத்து வரிசையாக அடுக்கி வைத்தேன். மறுநாள் இன்னும் இரண்டு ஜோடி!

இவரிடம் காட்டினால், "திருடன் திருந்திட்டான், வட்டியோட கட்டுறான்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் செருப்பைக் கழற்றிப் போட்டால் இவர்களுக்கு அசிங்கமாக இருக்கிறதா? கிண்டல் செய்கிறார்களா? போய்விடு என்று சொல்கிற விதமா? படியில் ஆள் சத்தம் கேட்டால் வாண்டைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறேன். அவளும் என்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அறை எந்த அளவில் இருக்கிறது?

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளே,

அறை முடிந்தது. வெள்ளையடித்து, மஞ்சள் திரை போட்டு, ஜன்னலோரம் ஒரு மேஜையும் போட்டாயிற்று. கரையான் மருந்து அடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "கரையானுக்கு எதுக்குடி மஞ்சள் திரை?" என்றாள். அவளை ஏமாற்ற முடியாது, தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாள்.

உன் கடிதத்தில் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அறையைப் பற்றிய வரியை அல்ல. அதற்கு முந்தையதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறாய், அவளும் மூச்சைப் பிடிக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். முதல் கடிதத்தில், பிள்ளை யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று என்னிடம் புலம்பியவளும் நீதான்.

கோபித்துக்கொள்ளாதே. காலேஜ் விழாவில் மைக் வேலை செய்யாதபோது தொண்டையாலேயே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசினவள் நீ. கதவைத் திறந்து, "யார்ங்க இது, யாரு செருப்புங்க?" என்று கேட்க உனக்கு மைக்கா வேண்டும்? கிண்டல்தான் என்றால் அதைத் தெரிந்துகொண்டு வா. தெரியாமல் வந்தால் இங்கே மஞ்சள் திரைக்குப் பின்னாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாய்.

டிக்கெட் போடும் நாள் நெருங்குகிறது. மாப்பிள்ளையிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 26

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் படியில் சத்தம் கேட்டது. என் கால் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போனது. கை மட்டும் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது.

வாசலில் முதல் மாடியில் இருக்கும் பஸ் டிரைவர் அம்மா, யூனிபார்மோடு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அந்தக் குதிகால் ஷூவுக்குள் பாதத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாண்டு வயதில் அவள் மகள். என்னைப் பார்த்த அதிர்ச்சியில் அவள் சாய, நான் பிடிக்க, இரண்டு பேரும் சேர்ந்து செருப்பு வரிசையையே கலைத்துவிட்டோம். அவள் இன்னொரு காலில் என்ன தெரியுமா? என் பழுப்புச் செருப்பு!

அவளுக்கும் என்னைப் போலவே இந்த ஊர் மொழி அரைகுறை. பாதி பேச்சு, பாதி கை. கடைசியில் புரிந்தது. இந்தக் கட்டடத்தில் வேண்டாத பொருளைக் கதவுக்கு வெளியே வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நாற்காலி, விளக்கு, பூந்தொட்டி எல்லாம் அப்படித்தான் மாடி மாடியாகப் பயணம் போகிறதாம். நாங்கள் வந்த நாளிலிருந்து தினமும் வாசலில் செருப்பு வைக்கிறோம், இல்லையா? "மூணாம் மாடிக்காரங்க தாராளமானவங்க, தினம் தினம் செருப்பு தர்றாங்க"ன்னு கட்டடம் முழுக்கப் பேச்சாம். வெறுமனே வாங்கிக்கொள்ளக் கூடாது என்று அவரவர் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் வேறு துடைத்து வரிசையாக அடுக்கினேனா, கடை திறந்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்! அந்தச் சிவப்பு பூட்ஸ், என் பிள்ளையின் காலைப் படியில் பார்த்து அளவெடுத்து அவள் வைத்ததாம்.

நாங்கள் ஏன் வெளியே கழற்றுகிறோம் என்று சொன்னேன். தரையைக் காட்டினேன், வாண்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவாள், படுத்து உருளுவாள் என்று நடித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "அய்யோ, அப்ப நாங்க திருடிட்டோமா?" என்று செருப்பைக் கழற்றப் போனாள். "போட்டுக்கோங்க, நல்லா இருக்கு" என்றேன். பீடையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து சிரித்தோம் பார், விளக்கு அணையவே இல்லை.

சிரித்து முடித்துத் திரும்பினால் அவள் மகள் ஷூவைக் கழற்றி எங்கள் வாசலில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகக் காலை எடுத்து வைத்தாள். வாண்டு குறுக்கே போய் நின்றாள். அக்கா, எனக்கு மூச்சு நின்றது.

"எந்த மாடி?" என்றாள் வாண்டு. உரக்க. தமிழில்தான்.

அந்தக் குழந்தைக்கு என்ன புரிந்ததோ, விரலால் ஒரு பட்டனைக் காட்டியது. வாண்டு அழுத்தினாள். இரண்டும் உள்ளே போயின. அன்றிலிருந்து எங்கள் லிப்டுக்கு ஓய்வில்லை. பேச்சும் ஓயவில்லை. பஞ்சு வாங்கியாயிற்று.

அன்று இரவே இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். திரும்பி வராமல் இருக்க நினைத்ததையும். துண்டை மடித்துக்கொண்டே கேட்டார், முடிந்ததும் சொன்னார்: "தெரியும். அலமாரியில உன் தட்டு காலியாவே இருக்கே. நான் பார்க்காமலா இருப்பேன்?"

"ஏன் கேட்கலை?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியேன்னுதான்."

நான் கொஞ்சம் அழுதேன். அவர், "இதுக்கும் மணி அடிச்சிரப் போகுது, அழாதே" என்று ஸ்டூலைத் தேடினார்.

டிக்கெட் போட்டாயிற்று. போய் வர. ஆகஸ்டு முழுக்க உன் மடியில்தான். ஆனால் அந்த மேஜையை எனக்காகப் போட்டேன் என்று சொல்லாதே, அக்கா. எனக்கு எதற்கு ஜன்னலோர மேஜை? அது பரீட்சைக்குப் படிக்கிறவள் போடுகிற மேஜை. மஞ்சள் திரையை இழுத்துவிட்டுப் படி, விஷம் வைக்கிற சத்தம் அங்கே கேட்காது. நாங்கள் வந்தால் கூடத்தில் பாய் போட்டு அம்மாவோடு சீரியல் பார்த்துக்கொள்கிறோம்.

நேற்று நீலப் பெட்டியைப் பிரித்தேன். அடியில் நீ வைத்த வேப்பிலைகூட அப்படியே காய்ந்து கிடந்தது. எல்லாம் அலமாரிக்குப் போய்விட்டது. காலிப் பெட்டி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் காலைத் தடுக்கியது. ஊருக்கு வர இவருடைய சின்னப் பெட்டியே போதும். அதனால் நன்றாகத் துடைத்து, வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இன்று காலையில் பார்த்தால் காணோம்.

நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தது. கோபம் வந்தால் நாலு வார்த்தை திட்டிவிடு. ஆனால் திட்டுவதற்கு முன், செருப்பு தொலைந்ததற்கு நீ என்ன எழுதினாய் என்று ஒரு முறை எடுத்துப் பார்.

உன்,
சின்னவள்
(மூன்றாம் மாடி, செருப்புக் கடை)