துண்டுக்குள் இருந்த கை

வெயிலும் மழையும் பார்க்காமல் சந்தைக்குப் போன என் அன்பு அப்பாவுக்கு,

வேலந்தாவளத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். கால்கூடக் கழுவவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நம் கடைசி மாட்டை விற்ற பிறகும் நீங்கள் வாரம் தவறாமல் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போனீர்கள். வெளுத்த வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு. ஏதாவது ஒரு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பீர்கள், முதுகைத் தட்டிக் கொடுப்பீர்கள். தரகர் ரங்கண்ணனின் கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவீர்கள். பிறகு ஒரு டீ, ஒரு போண்டா. மத்தியானம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வீட்டுக்கு வருவீர்கள். அவ்வளவுதானே உங்கள் சந்தோஷம்? அது ஏன் என் கண்ணை உறுத்தியது?

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர், "டீச்சரோட அப்பா இன்னும் மாடு வாங்கி முடிக்கலீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது. அடுத்த சந்தையன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து நின்றேன். உங்கள் கை துண்டுக்குள் இருந்தது. சுற்றிலும் பத்துப் பேர்.

"அவரு வாங்க மாட்டாருங்க. ஊட்டுல மாடு கட்ட எடமே இல்லீங்க. சும்மா பொழுதுபோக வர்றாரு. உங்க வேலையக் கெடுத்துக்காதீங்க" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

நீங்கள் மெல்லக் கையை உருவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாதி வழியில், "பசிக்குதா அம்மிணி? போண்டா வாங்கிக்கலாமா?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் வண்டியை நிறுத்தவில்லை.

அதன் பிறகு நீங்கள் சந்தைப் பக்கமே போகவில்லை. சந்தை நாளில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், பல சமயம் அதைப் போடாமலே. அப்பா ஒருவழியாக அடங்கிவிட்டார் என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இன்று உங்கள் திதிக்குக் காய்கறி வாங்க அங்கே போனேன். டீக்கடையிலிருந்து ரங்கண்ணன் கூப்பிட்டார்.

"ஏனுங் டீச்சர், அப்பா வாங்க மாட்டாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? விக்கறவனும் வாங்கறவனும் வெலை படியாம மொறைச்சுட்டு நின்னா, ரெண்டு பேரும் அவருகிட்டத்தானுங்க கை குடுப்பாங்க. அவரு புடிச்ச விரலுக்கு மேல ஒருத்தரும் பேச மாட்டாங்க. நீங்க கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு அந்த மாடு விக்காமயே திரும்பிப் போச்சுங்க."

"இத எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலீங்களே அண்ணா?"

"சொல்லலாம்னுதான் ஊட்டுக்கு வந்தமுங்க. அவருதான் வேண்டாம்னுட்டாரு. 'புள்ளை பத்துப் பேரு முன்னால சொல்லிருச்சு. அது தப்புன்னு ஆயிட்டா அதுக்குத்தான அசிங்கம்? நான் வராமயே இருந்துக்கறேன்'னாருங்க."

காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். என் கௌரவத்துக்காகவா அப்பா ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்? என்னை ஒரு அதட்டு அதட்டியிருக்கக் கூடாதா?

அடுத்த சந்தையன்று வருகிறேன் அப்பா. அன்று நின்ற அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில், எங்கப்பா சும்மா வரவில்லை, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்டாலும் கேட்கட்டும். திரும்பும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்தி, இரண்டு போண்டா வாங்குவேன்.

எனக்குப் பசிக்கிறது அப்பா.

அன்று வண்டியை நிறுத்தாத உங்கள் மகள்,
அம்மிணி