பிரிவு 31-க்கு நான் தெரிவித்த பாராட்டைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக

அனுப்புநர்:
ஒலிபெருக்கி வாடகைக் கடை உரிமையாளரும் விழாத் தொகுப்பாளரும்,
(வரி மசோதா ஆய்வுக் குழு முன் பிரிவு 31 குறித்துப் பேசியவர்),
பேருந்து நிலையத்தின் பின்புறத் தெரு.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
வரி மசோதா ஆய்வுக் குழு,
நாடாளுமன்றச் செயலகம்.

பொருள்: குழுவின் பதிவேட்டில் ஏறிவிட்ட என் பாராட்டுரையை நீக்கவும், உண்மையான சாட்சியான என் அக்காவை நேரில் கேட்கவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகப் பிரிவு அலுவலருடன் தொலைபேசியில் பேசியது.

மதிப்பிற்குரிய ஐயா,

இதற்கு மேல் யாரையும் விளிக்க மாட்டேன், வாழ்த்த மாட்டேன், வணங்க மாட்டேன் என்று என் அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். அவர் எதிரே இருக்கிறார். முதல் வரைவில் தங்கள் அலுவலகத்தின் பெருமை குறித்து ஒரு முழுப் பக்கம் இருந்தது. அவர் படித்துப் பார்த்து அதை எடுத்துவிட்டார்.

1. என் தொழில் மைக் வாடகைக்கு விடுவது; ஆள் கிடைக்காத இடங்களில் அதே மைக்கின் முன்னால் நின்று பேசுவது. கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, பணி ஓய்வுப் பாராட்டு எதுவானாலும் போவேன். நன்றியுரை என் தனித் திறமை என்று நானே சொல்லிக்கொள்வது வழக்கம். தலைமை தாங்கியவர் முதல் நாற்காலி எடுத்துப் போட்டவர் வரை ஒருவரையும் விட மாட்டேன். கூட்டம் கலைந்து, பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகும் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் தெருவில் என் பெயரே 'நன்றியுரை' என்று ஆகிவிட்டது. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

2. என் அக்கா ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் கணக்காளர். ஒரு விபத்துக்குப் பிறகு அவரால் நடக்க முடியாது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் தானே வேலைக்குப் போய்த் தானே திரும்புகிறார். அந்த பேட்டரி இப்போது சாகக் கிடக்கிறது. போன மாதம் நாற்சந்தியில் பச்சை சிக்னல் விழுந்த பிறகு நாற்காலி நகரவே இல்லை. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, தண்ணீர் கேன் போடுபவர் ஒருவர் தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தள்ளிவிட்டார். இது இரண்டு முறை நடந்ததும் மேலாளர், 'கஷ்டமா இருந்தா வீட்லேருந்தே பாருங்க மேடம், சம்பளத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்' என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் விபத்துக்குப் பின் மூன்று வருடம் அக்கா வீட்டிலேயே இருந்தவர். அந்த மூன்று வருடமும் அவருக்குப் பேச்சுத் துணை நான்தான். மறுபடியும் அப்படி ஒரு நிலைமை வேண்டாம் என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

3. பிரிவு 31 நடக்க இயலாதவர்களுக்கான வரிச்சலுகை. தலைப்பைப் படித்தால் நெஞ்சு நெகிழும். உள்ளே போனால் கதை வேறு. புதிதாக வாங்கும் 'இயக்க உதவி வாகனம்' எதற்கும் வரி கிடையாது என்கிறது முதல் உட்பிரிவு. எது அந்த வாகனம் என்று எங்கும் சொல்லவில்லை. கடைசி உட்பிரிவோ, பேட்டரிக்கும் டயருக்கும் பழுதுபார்ப்புக் கூலிக்கும் இத்தனை நாள் இருந்த சலுகையை ரத்து செய்கிறது. ஆக, அக்கா புது நாற்காலி வாங்கினால் வரி இல்லை. இருக்கிற நாற்காலிக்கு பேட்டரி மாற்றினால் முழு வரி. நாற்காலிக் கடைக்காரர் இதைக் கேட்டு, 'அப்போ பேட்டரி போச்சுன்னா நாற்காலியையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்றாங்களா?' என்று அக்காவையே கேட்டார். புது நாற்காலி அக்காவின் ஒரு வருடச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

அக்கா இதை விளக்கிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். இதற்கெல்லாம் பதிலே வராது, வேலையைப் பார் என்று நான் அடித்துச் சொன்னேன். பத்தே நாளில், நேரில் வந்து சாட்சியம் அளிக்கும்படி அழைப்பு வந்தது. என் கணிப்பின் லட்சணம் அது.

4. விசாரணை நடந்த அறை தங்கள் கட்டடத்தின் மேல்மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. உதிரிபாகம் வர வேண்டும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்த அறிவிப்பே பழுப்பேறிக் கிடந்தது. காவலர்கள் நல்ல மனதோடு, 'நாலு பேரா சேர்ந்து நாற்காலியோட தூக்கிடறோம்மா' என்றார்கள். அந்த நாற்காலி ஒரு பெரிய பீரோவின் கனம். 'வேண்டாம்ப்பா, உங்க முதுகு போயிடும். அப்புறம் உங்களுக்கும் பிரிவு 31 தேவைப்படும்' என்று அக்கா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். சிரித்தாரே தவிர, முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ நாட்கள் தயார் செய்திருந்தார்.

வரவேற்பு மேசையில் இருந்த அலுவலர், சாட்சி விரும்பினால் தன் சார்பில் இன்னொருவரை அனுப்பலாம் என்றார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டு போட்டிருந்தேன். என்னைக் கொண்டுபோய் விடுவதற்கு உனக்கு எதற்குடா கோட்டு என்று அக்கா காலையிலேயே கேட்டிருந்தார், நான் மழுப்பிவிட்டேன்.

அக்கா என்னிடம் இரண்டே விஷயம் சொல்லி அனுப்பினார். பேட்டரிக்கும் பழுதுபார்ப்புக்கும் இருக்கும் சலுகையை எடுக்கக் கூடாது. எது இயக்க உதவி வாகனம் என்று சட்டத்திலேயே வரையறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சொகுசுக் கார் விற்பவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் தப்பில்லாமல் சொன்னேன். 'ஒரு வணக்கம், நேரா விஷயம், இறங்கி வந்துடு' என்று கையைப் பிடித்துச் சொன்னார். படியேறி முடிக்கும் வரை எல்லாம் ஞாபகத்தில் இருந்தது.

5. அறைக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது மைக்கைத்தான். வளையும் கழுத்தும் நுனியில் விளக்கும் உள்ள அந்த வகையை அதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். என் கடை மைக்குகள் தலையில் தட்டினால்தான் பேசும். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

குழுத் தலைவரை வணங்கினேன். உறுப்பினர்களை உட்கார்ந்திருந்த வரிசைப்படி வணங்கினேன். சுருக்கெழுத்தாளரின் விரல்களை வாழ்த்தினேன். தண்ணீர் வைக்க வந்தவரை நிறுத்தி நன்றி சொன்னேன்; பாவம், அவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பேரைப் பாராட்டிவிட்டுப் பிரிவு 31-ஐ எழுதியவர்களை மட்டும் விட்டுவிடுவது மரியாதையில்லையே என்று தோன்றியது. ஆகவே, 'நடக்க முடியாதவர்களின் வாழ்வில் இது ஒரு விடிவெள்ளி. ஒரு வார்த்தையைக்கூட மாற்றத் தேவையில்லாதபடி செதுக்கியிருக்கிறார்கள்' என்றேன். நான் குறை சொல்லப் போயிருந்த பிரிவைத்தான் சொல்கிறேன். குறையைச் சொல்வதற்கு முன் நாலு நல்ல வார்த்தை சொல்வது மேடைப் பழக்கம். 'இனி விஷயத்துக்கு வருகிறேன்' என்று நான் ஆரம்பித்தபோது, பேச ஒதுக்கிய நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்து மைக் அணைந்துவிட்டது.

இவ்வளவு மனநிறைவான சாட்சியைக் குழு கண்டதில்லை என்று தலைவர் கனிவாகச் சொன்னார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மைக் இல்லாமலே அதற்கும் நன்றி சொன்னேன்.

6. படியிறங்கும்போதுதான் அக்கா சொல்லியனுப்பிய இரண்டு விஷயமும் ஞாபகம் வந்தது. அக்காவின் கடிதம் கோப்பில் இருக்கிறதே, அதைப் படிக்காமலா விடுவார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கீழே அக்கா வாசலையே பார்த்தபடி காத்திருந்தார். 'அமோகமா போச்சுக்கா, மேசையைத் தட்டினாங்க' என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வரும் வழியில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

7. சில வாரம் கழித்து ஒரு கார் விற்பனைக் கூடத்திலிருந்து அழைத்தார்கள். புதிய கார் அறிமுக விழாவைத் தொகுத்து வழங்க வேண்டுமாம். அத்தனை பெரிய இடத்தில் என்னை யாருக்குத் தெரியும் என்று யோசிக்க வேண்டியவன், பூரித்துப்போய்க் கோட்டைச் சலவைக்குப் போட்டேன். விழாவில் திரை விலகியது. கட்டில் அகலத்துக்கு ஒரு கார். அதன் முன் இருக்கை கதவுப் பக்கம் திரும்பும், விசேஷம் அவ்வளவுதான். பக்கத்தில் 'இயக்க உதவி வாகனம்' என்று பலகை. திடகாத்திரமான ஒரு வாடிக்கையாளர் துள்ளி ஏறி உட்கார்ந்து, இருக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

மசோதா நிறைவேறியதும் இந்தக் காருக்கு வரி கிடையாது என்று விற்பனை மேலாளர் விளக்கினார். சந்தேகப்படுபவர்களுக்காகக் குழுவின் பதிவேட்டிலிருந்தே படித்தும் காட்டினார்: சக்கர நாற்காலியில் செல்பவரின் தம்பியே பிரிவு 31-ஐ விடிவெள்ளி என்று வரவேற்று, ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். மைக் என் கையில்தான் இருந்தது. அதை அணைத்து மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். என் தொழிலில் நன்றி சொல்லாமல் மேடையிறங்கியது அதுதான் முதல் தடவை.

8. வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். 'ரெண்டுல ஒண்ணைக்கூடச் சொல்லலையாடா?' என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். 'அவங்க தூக்கறேன்னப்போ சரின்னு சொல்லியிருக்கணும். என் வீம்புதான் காரணம்' என்றார். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அதையும் தேவைக்கு அதிகமாகவே நீட்டினேன் என்று அக்கா இப்போது குறிப்பிடச் சொல்கிறார்.

9. மறுநாள் தங்கள் பிரிவு அலுவலரைத் தொலைபேசியில் பிடித்தேன். பொறுமையானவர். பிரிவு 31-ஐப் பற்றி ஆட்சேபணை சொல்லி வந்த ஒரே கடிதம் அக்காவுடையதுதானாம். கடிதம் எழுதியவர் சார்பில் ஒருவர் நேரில் வந்து மனநிறைவு தெரிவித்துவிட்டதால், அதைத் 'தீர்ந்தது' என்று மூடிவிட்டார்களாம். ஆகவே பிரிவு 31 ஆட்சேபணை இல்லாத பிரிவுகளோடு சேர்ந்துவிட்டது. அவற்றை அவையில் யாரும் எழுந்து பேச மாட்டார்கள், மொத்தமாகக் குரல் கொடுத்து நிறைவேற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். அதாவது, நான் பேசாமல் வீட்டில் தூங்கியிருந்தால்கூட அக்காவின் கடிதம் உயிரோடு இருந்திருக்கும். பதிவேட்டில் உள்ளதை மாற்ற வேண்டுமானால் பேசியவரே எழுத்தில் கேட்க வேண்டும் என்பதால் இந்த மனு.

ஆகவே வேண்டுவது:

(அ) அன்று குழு முன் நான் சொன்ன பாராட்டுகள், வாழ்த்துகள், விடிவெள்ளி உட்பட அனைத்தையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்தவருக்குச் சொன்னது மட்டும் இருக்கட்டும், அவர் நிஜமாகவே நல்லவர்.

(ஆ) பிரிவு 31-ஐ ஆட்சேபணை இல்லாத பிரிவுகளிலிருந்து வெளியே எடுத்து, அவையில் விவாதிக்க விட வேண்டும். யாருக்காக என்று சொல்லி இந்தச் சலுகையைக் கொண்டுவந்தார்களோ, அவரிடமிருந்து எடுத்து அந்தக் கார் வாங்குபவரிடம் கொடுக்கிறது இது. இதைத்தான் நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

(இ) மசோதா அவைக்குப் போவதற்குள் என் அக்காவை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். லிஃப்ட் சரியாகும் வரை பேட்டரி தாங்காது. தரைத்தளத்தில் வரவேற்புக் கூடமே போதும். உறுப்பினர்கள் தயவுசெய்து இறங்கி வர வேண்டும். அவர்களுக்குப் படி ஒரு தடை இல்லை. மைக் எதுவும் வேண்டாம், அக்கா பேசினால் கேட்கும். நான் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறேன்.

மனுவின் கடைசியில் 'நன்றி' என்று எழுதுவது மரபு. என் பிழைப்பும் அதுதான். ஆனால் அக்காவை நீங்கள் கேட்கும் வரை அந்த வார்த்தையை எழுதுவதில்லை என்று இருக்கிறேன்.

இடம்: கடையின் பின்னறை
தேதி: மசோதா அவைக்கு வரும் வாரத்துக்கு முந்தைய வாரம், புதன்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
சாட்சியின் தம்பி