இட்லித் தட்டில் மேப்பிள் மிட்டாய்

24.3.73, சனி மதியம்

அம்புஜம்,

நீ காலேஜிலிருந்து வரும்போது நான் இருக்க மாட்டேன். ஜான்-டலோன் சந்தைக்குப் போகிறேன், திரும்ப ஆறு மணி ஆகும். சாதமும் ரசமும் அடுப்பின் மேல் இருக்கின்றன. சுட வைத்துக்கொள்.

உன் காலேஜ் லூசியன் போன் செய்தார். போன வாரம் இங்கே விட்டுப்போன பாகு தெர்மாமீட்டரை வாங்கிக்கொள்ள நாலு மணிக்கு வருகிறாராம். மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நீங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் மேப்பிள் மரப் பாகு காய்ச்சி மிட்டாய் செய்தீர்கள். நான் ஹாலில் பேப்பரை வைத்துக்கொண்டு உங்கள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனதும், "எவ்வளவு பொறுமை அந்த மனுஷருக்கு! நீங்க ஒரு நாளாவது அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கேளா?" என்றாய்.

மிச்சமிருந்த டின் பாகை இன்று நானே காய்ச்சினேன். அவருடைய தெர்மாமீட்டரை நான் தொடவில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பார்த்துப் பதம் கண்டேன். அச்சு இல்லாததால் இட்லித் தட்டில் நெய் தடவி ஊற்றினேன். பாகு என்றால் ஏலக்காய் வேண்டாமா என்று அதையும் போட்டேன். நாலு முழுசாக வந்தன. மற்றவை தட்டை விடமாட்டேன் என்கின்றன, கத்தியால் சுரண்டாதே.

அவரை வாசலோடு அனுப்ப வேண்டாம், வெளியே குளிர். காபி கொடு.

ஜம்பு

பி.கு: அவருக்கும் ஒரு மிட்டாய் கொடுக்கலாம். ஆனால் அவர் வருமுன்பே நீ ஒன்று தின்றுவிடு. நான் செய்தது நன்றாயிருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்து நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.