ஆறாவது தோட்டா

பால்மர், அலாஸ்கா
வியாழன், 19 ஜூன் 1986

அன்பு மகள் கைசாவுக்கு அம்மா எல்வி எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நாங்கள் சுகம்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜல்லிக் குழியில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, வெய்கோ சித்தப்பா, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஹாரியட், அவளுடைய கிழட்டு நாய். வேறு யாரும் இல்லை. நடந்ததற்கு இவர்கள் சாட்சி.

மற்றதைப் படிக்கும் முன் ஒரு காரியம் செய். போன மாதம் நான் தோட்டா கட்டி அனுப்பிய நீல டப்பாவை எடுத்து, இந்தக் கடிதம் கொண்டுவரும் விமானி டெல்பர்ட் கையில் கொடுத்துவிடு. ரிவால்வரில் போட்டு வைத்திருப்பவற்றையும் கழற்றிக் கொடு. அவர் தரும் சிவப்பு டப்பாவில் இருந்து ஆறு எடுத்துப் போட்டுக்கொள். போட்டாயிற்றா? இனி விவரம் சொல்கிறேன்.

பெர்ரி பறிக்கும் இடத்தில் கரடி நடமாட்டம் அதிகம் என்று, நீ வாங்கிய அதே இலேசான ரிவால்வரை ஹாரியட்டும் வாங்கியிருக்கிறாள். கைசாவுக்குக் கட்டியது போலவே தனக்கும் ஐம்பது தோட்டா கட்டித் தரச் சொன்னாள். கட்டினேன். சுட்டுப் பார்க்கத்தான் போனோம். மூன்று சுட்டாள். நாலாவதற்குத் துப்பாக்கியின் சுத்தியல் பின்னால் வரவில்லை, தோட்டா இருக்கும் உருளையும் சுழலவில்லை. "ஆர்கன்ல கட்டை சிக்கிக்கிட்ட மாதிரி இருக்கு, எல்வி" என்றாள். வெய்கோ குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க குண்டுக்கு வெளிய வந்து வேடிக்கை பாக்கணும்னு ஆசை போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நீல டப்பாவை நினைத்தோம், இருவரும்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நான் வார்க்கும் ஈயக் குண்டு கனம். வெடிமருந்தும் பலமானது. சுடும்போது துப்பாக்கி பின்னால் எகிறுகிறது. மீதித் தோட்டாக்களின் பித்தளைக் கூடும் கூடவே போகிறது. கூட்டுக்குள் இருக்கும் குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாயை நன்றாக மடித்து இறுக்காவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று உருளைக்கு வெளியே மூக்கை நீட்டி, அதைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். அப்புறம் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, வெறும் இரும்பு.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். மார்ச் பதினொன்றாம் தேதி, என் கையெழுத்திலேயே இருக்கிறது: "கூடுகளின் வாய் வெடிக்கிறது. இறுக்கும் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அவர் துப்பாக்கியில் சரி." பழைய கூடுகள் இன்னும் நாலு தடவை உழைக்கட்டும் என்று பார்த்தேன். அப்பாவின் துப்பாக்கி கனமானது, அவ்வளவாக எகிறாது. அதில் சுட்டுப் பார்த்துவிட்டு, இலேசான துப்பாக்கிக்கு அனுப்பிவிட்டேன். இது என் தப்பு.

அன்றைக்கே வானொலி நிலையத்துக்குப் போன் செய்தேன். காட்டில் இருப்பவர்களுக்குச் சேதி வாசிக்கிறார்களே, அதில் சொல்ல. "மீன் எண்ணும் முகாமில் இருக்கும் கைசாவுக்கு: அம்மா கட்டிய நீல டப்பாத் தோட்டாவை நம்பாதே. முகாமின் பெரிய துப்பாக்கி இல்லாமல் ஓடைக்குப் போகாதே. தப்பு அம்மாவுடையது. எல்வி." எழுதிக்கொண்ட பையன், "அந்தத் தப்பு விஷயம் வேணுமாம்மா? ஊரே கேக்குமே" என்றான். வேண்டும், அதை விட்டுவிட்டால் என் மகள் இது அம்மாவின் வழக்கமான பயம் என்று நினைத்துக் கேட்காமல் போய்விடுவாள் என்றேன். மூன்று நாள் வாசித்தார்கள். நீ கேட்டாயோ இல்லையோ, தெரியவில்லை.

ஊர் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் நான் கட்டிக் கொடுத்திருந்த டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெய்கோ, "பேசாம ஊறுகா போடுங்க, அண்ணி. அதுல வாய் நல்லா மூடியிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை ஜெபித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். புதுக் கூடுகள், எல்லாம் ஒரே நீளம். திருகாணியை முன்னை விட இறுக்கி, குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்துக்குள் கூட்டின் வாய் நன்றாக மடிந்து பிடிக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

செவ்வாயன்று ஹாரியட்டின் துப்பாக்கியை இரவல் வாங்கி, அதே குழியில் நானே சுட்டேன். ஆறு போட்டு ஐந்து சுட்டு, ஆறாவதை எடுத்து அளந்தேன். அதே ஆறாவதைத் திரும்பப் போட்டு, இன்னும் ஐந்து. இப்படி நாலு முறை. இருபது வெடி வாங்கியும் அந்தக் குண்டு ஒரு மயிரிழை நகரவில்லை. கடைசியில் அளந்து பார்த்தது வெய்கோ. இரண்டு தரம் அளந்துவிட்டு, அளக்கும் கேலிப்பரைத் துடைத்து என் கையில் கொடுத்து, "எனக்கும் ஒரு டப்பா கட்டுங்க" என்றார். இன்றைக்கும் என் மணிக்கட்டு வலிக்கிறது. இந்தப் பேனாவைப் பிடிக்கவே சிரமம். ஆனாலும் சொல்கிறேன், கைசா: என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல தோட்டா நான் கட்டியதில்லை. அந்த ஆறாவது தோட்டாவைச் சிவப்பு டப்பாவின் மூலையில் காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன். அதைச் சுடாதே. அது உனக்கு நான் கொடுக்கும் சாட்சி.

உங்கள் ஓடையில் இதுவரை ஏறிய சாமன் மீன் கணக்கு பத்திரிகையில் வந்தது. 14,212. அப்பா அதை வெட்டி, சாமான் கடைக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினார். "பதினாலாயிரம்னு ஒப்பேத்தாம கடைசி ரெண்டு மீனையும் எண்ணிருக்கா பாரு. அம்மா புத்தி" என்றாராம். கரடிகள் உலாவும் ஓடையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவள் நான்தான். இப்போது அந்தத் துண்டு என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

நீ கிளம்பிய அன்று ரூபார்ப் ஜாம் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி விமானத் திடலுக்கு வராமல் இருந்துவிட்டேன். ஜாமை முந்தின நாளே பாட்டிலில் ஊற்றி மூடியாயிற்று. அதில் இரண்டு பாட்டில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சாமான் இறக்க டெல்பர்ட்டுக்கு அரைமணி நேரம் ஆகும். இரண்டு வரி போதும். உடனே எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பு.

உன் அம்மா
எல்வி