நேற்று வரை இருந்தன

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்! நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். கோபம்தான் கொஞ்சம் கூடுதல்.

பிள்ளைகளுக்கு இயற்கை அறிவியல் சொல்லிக்கொடுக்கும் இந்த முகாமில் ஒரே ஒரு குளம். அதில் தலைப்பிரட்டைகள் மொய்த்துக் கிடந்தன. அவற்றுக்குக் கால் முளைப்பதை ஒரு வாரமாகப் பிள்ளைகள் தினமும் வரைந்தார்கள். வியாழக்கிழமை பெற்றோர் வருகிறார்களாம். புதன்கிழமை சாயங்காலமே மேலாளர் ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓர் உயிர் இல்லை.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"பாசியும் புழுவுமா கிடந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க டீச்சர்?"

தலைப்பிரட்டையைப் புழு என்கிறவர் இயற்கை முகாமுக்கு மேலாளர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்குப் பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் தன் நோட்டில், 'நேற்று வரை இருந்தன' என்று மட்டும் எழுதியிருந்தாள். "அதை அழிச்சிட்டு அவங்க அப்பா அம்மாகிட்ட காட்டுங்க" என்றார் மேலாளர். அவளிடம் கேட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே நுழைவாசலில் ஒட்டிவிட்டேன். பயப்படாதே, வேலை போகாது. இந்த அத்துவானத்தில் தங்க வேறு யார் வருவார்கள்?

டீ வடிகட்டி இரண்டு அனுப்பு. இனி தலைப்பிரட்டைகளை ஓடையில்தான் தேட வேண்டும். உன் பழைய போர்வையும் வேண்டும், துவைக்காமல் அனுப்பு. பிள்ளைகளுக்கு ஒரு டஜன் பென்சில். மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் சின்னவள்

பின்குறிப்பு: பின்னால் ரப்பர் வைத்த பென்சிலாக வாங்கிவிடாதே.