ஆறாவது பிஸ்டன்

அன்புள்ள முரடனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்னடா கேடு" என்பாய். இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம். மழை விட்டபாடில்லை. பட்டறைச் சுவரெல்லாம் ஈரம் ஏறி, துரு பிடிக்காமல் இருக்க லேத்துக்கு நாளைக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன்.

நீ அனுப்பிய ஆறாவது பிஸ்டனும் ஏழாவதும் திங்கட்கிழமை வந்தன. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை ஆரம்பித்த பிறகே மூன்று முறை எழுந்துபோய் அவற்றை அளந்துவிட்டு வந்தேன்.

பஸ் டெப்போவில் இருபத்திரண்டு வருஷம் ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்கள் நாம். ஓய்வு பெற்று நீ உன் வீட்டுக்காரியோடு மகள் ஊருக்குப் போன பிறகும், அந்தப் பழைய ஏழு சிலிண்டர் விமான இஞ்சினை மேஜையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்து, ஓட்டியே காட்டுவது என்று வீம்பாக ஆரம்பித்தோம். சிலிண்டர் என் பாடு, பிஸ்டன் உன் பாடு. நீ அனுப்பிய முதல் ஐந்தின் லட்சணம் என்ன? எல்லாமே ஒரு மயிரிழை கூடுதல் பருமன். "தேய்ச்சுக்கோடா, உனக்கும் பொழுது போக வேணாமா" என்று சீட்டு வேறு. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் தேய்த்தேன், உன்னைத் திட்டிக்கொண்டே.

ஆறாவதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சிலிண்டருக்குள் வைத்தேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடிவாயை உள்ளங்கையால் பொத்தினேன்; உள்ளே இருந்த காற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஏழாவதும் அதே மாதிரி. "ஒரு தடவையாவது ஒழுங்கா செஞ்சிருக்காரேன்னு சந்தோஷப்படாம, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க" என்றாள் என் வீட்டுக்காரி. முரடா, இது உன் கை இல்லை.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. நாலு பக்கம் திட்டி எழுதுகிறவன் இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. போன வாரம் போனில், வரைபடத்தில் வால்வு எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று கேட்டேன். நீ வெயிலைப் பற்றிப் பேசினாய். கண் எப்படி என்றேன். "கழுகுக் கண்ணுடா எனக்கு" என்றாய். அந்தக் கழுகு எதற்காகப் பக்கத்தில் இருந்தவரிடம் "இதுல என்ன போட்டிருக்கு" என்று கிசுகிசுத்தது? போனில் மழுப்புகிறாய் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

டெப்போவில் தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த ஆள் நீ. கண்ணில் கத்தி வைப்பார்களோ என்று பயந்து டாக்டர் பக்கமே போகாமல் இருக்கிறாய். என் அண்ணன் இப்படித்தான் "பாக்கலாம், பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் எதையுமே பார்க்க முடியாமல் போனான். உனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி, இதை அவனுக்கு நீதான் படித்துக் காட்டுகிறாய் என்று தெரியும். முப்பது வருஷம் தையல் மெஷினில் துணி ஓட்டிய விரலைத் தவிர, அந்த வீட்டில் வேறு எந்த விரலுக்கு இவ்வளவு பக்குவம் வரும்? அவன் சொல்லச் சொல்ல நீ கடைந்திருக்கிறாய். என்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பான். நீ சத்தியத்தை மீறவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். உன் மேல் எனக்குக் கோபமே இல்லையம்மா. பிஸ்டன் இரண்டும் முதல் தரம்.

இருபதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கண் டாக்டரிடம் அவனை நானே கூட்டிப் போகிறேன். மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க நான் இருக்கிறேன். இஞ்சின் காத்திருக்கும், கண் காத்திருக்காது.

தங்கச்சி, படிப்பதை இங்கே கொஞ்சம் நிறுத்தி அவன் முகத்தைப் பார். சரி என்று தலையாட்டினானா, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டானா? அதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதம்மா.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தேகப் பிராணி