எழுதியது ஐந்து, ஓடியது பத்து

இன்று காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்சி ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அடுத்த கணம் சமையலறை முழுக்க அந்த வாசனை. மோட்டாரின் கம்பிக் காயில் கருகும்போது வருமே, மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு அரைநாள் போகாதே, அதுதான். மகள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் நகரவில்லை. உன் மாவு மில்லில் எத்தனை மாலைகளில் இந்த வாசனைக்கு நடுவே நாம் இருவரும் நின்றிருக்கிறோம்!

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகும் வழியில் இருந்தது உன் மில். அரிசிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று என்று இரண்டு எந்திரங்கள். இரண்டையும் பெல்ட் மாட்டி ஓட்ட ஒரே மோட்டார். அடுத்த கடை உன் மச்சான் ஏகாம்பரத்தினுடையது. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் தெருவில் ஓட்டு வீடுகள்தான் அதிகம். கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் வாடகைக்கு இடம் தேடத் தேட, மாடிகள் எழும்பின. மாடிக்கொரு தண்ணீர் மோட்டார் வந்தது, பிறகு அறைக்கொரு ஏ.சி. தெருமுனை டிரான்ஸ்பார்மர் மட்டும் பழையபடியே நின்றது.

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பல்பு சிவந்து சுருங்கும். கடற்கரையில் நின்று பார்த்தால் அணுமின் நிலையத்தின் விளக்குகள் வரிசையாக எரியும். "கரண்டு பொறக்கற ஊரு பக்கத்துல கீறோம். மெழுகுவத்தி வாங்கிகினு கீறோம். இத்த எங்க போய் சொல்றது வாத்தியாரே?" என்பாய். வரிசையில் டின்னோடு நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் திணறும், திணறினால் சூடேறும், சூடேறினால் காயில் போகும். ஒவ்வொரு முறையும் கழற்றிக்கொண்டு போய்ப் புதுக் கம்பி சுற்றிக் கொண்டுவருவாய். கடைசியாகச் சுற்றிக் கொடுத்தவர், இனி இந்த மோட்டார் தாங்காது என்று சொல்லிவிட்டார். "இன்னொரு தபா எரிஞ்சா மில்ல மூடிட்டு டவுன்ஷிப்புல வாட்ச்மேனா போயிடறேன். விசிலு கூட வாங்கி வெச்சிட்டேன்" என்றாய். நான் சிரித்தேன். மாவு அளந்துகொண்டிருந்த உன் மனைவி கன்னியம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது.

மின்சார அலுவலகத்தில் நீ கொடுத்த புகாருக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. பதிவேட்டின்படி உங்கள் தெருவின் மின்பளுவுக்கு இந்த டிரான்ஸ்பார்மர் போதுமானது. "போதுமாம்! அவன் வூட்டு பல்ப இங்க கொண்டாந்து மாட்டச் சொல்லு" என்று நீ அந்தத் தாளைக் கசக்கி எறிவாய்.

இரண்டாயிரங்களின் கடைசியில், நான் பணி ஓய்வு பெற்றிருந்த சமயம், செய்தித்தாளில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. மின்கட்டணத்தை மாற்ற வாரியம் மனுச் செய்திருக்கிறது. ஆட்சேபமோ கருத்தோ இருந்தால் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதலாம். பொது விசாரணையில் நேரிலும் சொல்லலாம். அதை எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தேன்.

"ஆணையம்னா இன்னா, வாரியத்துக்கு மேல வாரியமா?"

வகுப்பில் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? சடுகுடு ஆட்டத்தைச் சொன்னேன். முன்பெல்லாம் ஆடுகிறவர்களே கோட்டையும் போட்டுக்கொண்டு, அவுட்டா இல்லையா என்பதையும் அவர்களே சொல்வார்கள். மின்சாரம் விற்பவரும் அதன் விலையைத் தீர்மானிப்பவரும் ஒரே பக்கம் இருந்தார்கள். இப்போது நடுவரைத் தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். அவர்களுக்குக் கீழே ஒரு செயலர். பொறியியல் பார்க்க, கணக்குப் பார்க்க, சட்டம் பார்க்கத் தனித்தனி ஆட்கள். வாரியம் விலையை ஏற்ற வேண்டுமென்றால் அங்கே மனுப் போட்டு, ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். நாம் எழுதும் ஆட்சேபத்துக்கு வாரியம் பதில் எழுத வேண்டும். இரண்டையும் கேட்டபின் ஆணையம் உத்தரவு போடும். அந்த உத்தரவிலும் காரணம் எழுத வேண்டும். பிடிக்காதவர்கள் தில்லியில் இருக்கும் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம்.

நீ கேட்ட கேள்வி ஒன்றுதான். "அந்த மூணு பேரும் யாரு ஆளுங்க?"

"அரசாங்கம் நியமிக்கிறது. ஆனா யாரு ஆளும் இல்ல."

"யாரு ஆளும் இல்லன்னா அப்பறம் எப்டி வேல நடக்கும்?"

நான் பேனாவை எடுத்தேன்.

நீ சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பினேன். விசாரணை நாளன்று காலைப் பேருந்தில் சென்னைக்குப் போனோம். உன் கையில் ஒரு பை. மண்டபத்து வாசலில் அதிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்ப் பக்கம் அதிகாரி யார் வந்தாலும் முதலில் சால்வை, பிறகுதான் கோரிக்கை. நீ அந்த முறைப்படி வந்திருந்தாய். வாசலில் இருந்த ஊழியர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, இது கோர்ட்டு மாதிரி. தலைவர் எதையும் வாங்கமாட்டார். தயவுசெஞ்சு உள்ள வெச்சிடுங்க."

"சும்மா போத்திட்டு வந்துடறேன் சார்."

"அதுதான் கூடாதுங்கறேன்."

உள்ளே ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. சிறிது நேரத்தில் பொன்னாடையை நீயே போர்த்திக்கொண்டாய். உன் பெயரை அழைத்தபோது அப்படியே எழுந்து நடந்தாய். ஏதோ கட்சித் தலைவர் வந்திருக்கிறார் என்று முன்வரிசையில் இரண்டு பேர் நகர்ந்து வழிவிட்டார்கள்.

நீ நன்றாகத்தான் பேசினாய். கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கருகிய காயிலைப் பற்றி, சிவந்த பல்பைப் பற்றி, டின்னோடு திரும்பிப் போகும் பெண்களைப் பற்றி. தலைவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு வாரியத்தின் பக்கம் பார்த்தார். ஒரு பெரிய பொறியாளர் எழுந்து நின்றார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, "ஐயா, பதிவேட்டின்படி அந்தத் தெருவுக்கு இருப்பது போதுமானது" என்றார். உன் முகத்தைக் கவனித்தேன். பதில் உனக்குப் பழையதுதான். ஆனால் அதைச் சொல்பவர் எழுந்து நின்று சொல்வதை அன்றுதான் முதன்முறை பார்த்தாய்.

"உங்கள் குறை நியாயமாக இருக்கலாம்," என்றார் தலைவர். "ஆனால் இங்கே நாங்கள் விசாரிப்பது கட்டணத்தை. தனி நுகர்வோரின் குறைக்கு ஒவ்வொரு மின் வட்டத்திலும் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. உங்களுக்குச் செங்கல்பட்டு. அங்கேயும் தீராவிட்டால் ஆணையம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் வரலாம்."

நீ திரும்பி நடக்கத் தொடங்கினாய். அப்போது ஓரத்தில் இருந்த உறுப்பினர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார். "பதிவேட்டில் எழுதியிருப்பதும் தெருவில் ஓடுவதும் ஒன்றுதானா?"

பொறியாளர் கேட்டவரைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய்.

திரும்பும் பேருந்தில் நீ ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாய். ஆணையம் கைவிட்டுவிட்டது என்ற கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கோவளம் தாண்டியது, மாமல்லபுரமும் தாண்டியது. பொன்னாடையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்த நீ, "வாத்தியாரே, என் மோட்டாரு பத்து எச்.பி." என்றாய்.

"சரி, அதுக்கென்ன?"

"எழுதிக் குடுத்தது அஞ்சு."

தொண்ணூறுகளில் மில்லுக்குக் கூட்டம் கூடியபோது மோட்டாரை மாற்றியிருக்கிறாய். எழுதிக் கொடுத்தால் கூடுதல் வைப்புத்தொகை, கூடுதல் கட்டணம், அலுவலகத்துக்கு நடை. தெருவில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நீயும் கொடுக்கவில்லை. ஏகாம்பரத்தின் ஐஸ் எந்திரம் அப்படி. மாடி வீடுகளின் ஏ.சி.யும் அப்படி. எனக்கு என் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது, சொன்னேன். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களுக்குத்தான் பெஞ்சு வரும். பெயர் சேர்க்காமல் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, பெஞ்சு போதவில்லை என்று எழுதினால் மேலிடம் என்ன பதில் போடும்? போதும் என்றுதான் போடும். அது பொய்யும் இல்லை.

"அப்ப அந்த ஆபீஸ்காரன் சொன்னது நெசம்தான்," என்றாய். "என்னுதுதான் பொய்யா கீது."

மன்றத்துக்கு மனுப் போட்டால் முதலில் வந்து அளந்து பார்ப்பார்கள். அளந்தால் உன் மோட்டார் தெரியும், தெருவே தெரியும். போடாவிட்டால் அடுத்த கோடையில் காயில் கருகும், மில் போகும். ஒரு வாரம் யோசித்தாய். பிறகு ஒரு மாலை மில்லை நிறுத்திவிட்டு, தெருக்காரர்களைக் கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னாய்.

ஏகாம்பரம்தான் முதலில் எகிறினார். "இன்னா மச்சான், மெட்ராசு போய் மூணு பேர பாத்துட்டு வந்து அரிச்சந்திரன் ஆயிட்டியா? நீ மாட்டிகினா மாட்டிக்க. எங்களையும் ஏன் இழுக்கற?"

"நான் யாரு பேரையும் சொல்லமாட்டேன். என்னுத சொல்லுவேன்."

"ஒன்னுத அளக்க வர்றவன் என் கடைய தாண்டித்தான வருவான்? கண்ண மூடிகினு வருவானா?"

"அதுக்குள்ள நீயே போய் எழுதிக் குட்த்துடு."

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. எங்க அக்காவ ஒனக்குக் குடுத்ததே தப்பு!"

கன்னியம்மா மாவுக் கையோடு எழுந்து வந்தாள். "தப்புதான். அதுக்கு இப்ப இன்னா பண்றது? ஏகாம்பரம், மில்லு மூடினா நானும் இவரும் ஒன் ஐஸ் கடைல வந்து குந்திக்கறோம். சரியா?" கூட்டம் சிரித்துவிட்டது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

செங்கல்பட்டில் மன்றம் ஒரு சாதாரண அறைதான். மேடை இல்லை. ஒரு நீள மேசை; பின்னால் தலைமைப் பொறுப்பில் ஒரு பொறியாளர், உடன் உறுப்பினர்கள்; அவர்களில் ஒருவர் நுகர்வோர் தரப்பு. இந்த முறை நீ பொன்னாடை கொண்டுவரவில்லை. என்ன குறை என்று கேட்டதும், குறையைச் சொல்வதற்கு முன்பே, "ஐயா, என் மோட்டாரு பத்து. எழுதினது அஞ்சு. இத்த மொதல்ல எழுதிக்கோங்க. அப்பறம் என் கொறைய சொல்றேன்" என்றாய். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

உத்தரவு வர நாளானது. நீ உன் பளுவைப் பதிந்துகொண்டு கட்டவேண்டியதைக் கட்ட வேண்டும். அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மற்றவர்களும் தாங்களாகவே வந்து பதிய அவகாசம். அதன்பின் மொத்தத்தையும் கணக்கெடுத்து மின்னழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். மூன்றுக்கும் காரணம் எழுதியிருந்தது. நீ அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாய், மறுபடியும் கேட்டாய். "திட்டவும் திட்டிட்டான், செய்யவும் சொல்லிட்டான்," என்றாய். "யாரு ஆளும் இல்லாதவங்க இப்பிடித்தான் போல."

அன்று மில்லில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். நீயே கண்டுபிடித்தாய்.

கட்டுவதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். தெருவும் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் போய்ப் பதிந்தது. கோடைக்கு முன் புதிய டிரான்ஸ்பார்மர் வந்தது. முதல் மாலை பல்புகள் வெள்ளையாக எரிந்தபோது, மிளகாய் நெடிக்கு நடுவில் நீ தும்மிக்கொண்டே மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்த்தாய். சூடு இல்லை. வாட்ச்மேன் விசிலை எடுத்து ஊதிக் காட்டினாய்.

வரிசையில் ஏகாம்பரமும் ஒரு டின்னோடு நின்றார். உன்னைப் பார்க்கவில்லை. "அக்கா, நைசா அரைக்கச் சொல்லு," என்றார். "வாங்கிகினு போவச் சொல்லு, காசு வாணாம்னு சொல்லு," என்று நீயும் கன்னியம்மாவிடம் சொன்னாய். அன்று தொடங்கியது, கடைசிவரை நீங்கள் இருவரும் கன்னியம்மா வழியாகத்தான் பேசினீர்கள். அதில் உனக்கிருந்த வருத்தத்தை நீ வெளியே சொன்னதில்லை. ஐஸ் கடைப் பக்கம் பார்த்து உட்காரும்படி நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டிருந்தாய். உனக்கு அந்தக் கடைசி நெஞ்சு வலி வந்த அன்று ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆட்டோவிலும், "அக்கா, பயப்படாதன்னு சொல்லு" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று நான் கன்னியம்மாவைக் கேட்கவில்லை.

போன மாதம் மகள் என் அறைக்கு ஏ.சி. வாங்கினாள். மாட்டிய மறுநாளே மின்சாரப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், என் வீட்டின் மின்பளு கூடியிருக்கிறது, பதிந்துகொள்ளுங்கள் என்றேன். அங்கே இருந்தது இளம் பெண் பொறியாளர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாராச்சும் புகார் குடுத்துட்டாங்களா சார்?"

"இல்லம்மா."

"செக்கிங் வந்தாங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் ஏன் சார் நீங்களா வந்து சொல்றீங்க? யாரும் வரமாட்டாங்களே."

உன்னைப் பற்றி எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது? பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க தெருவுல அது வழக்கம்மா," என்றேன்.